இரண்டு இருபத்தைந்துக்குச் செய்த போன்

பதினோராம் கேட் மேசையில் ஒரு கறுப்பு போன் இருக்கிறது. உள்ளே யாரையாவது கூப்பிட நாலு எண், வெளியே கூப்பிட முதலில் ஒரு சைபர். அதன் சமர்த்து அவ்வளவுதான். அந்தப் போன் நாற்பது நாளாகப் பிற்பகல் இரண்டு இருபத்தைந்துக்கு மணியடித்துக்கொண்டிருந்தது. கேட்டவர் ஒரே ஒருவர். பக்கத்திலேயே நின்று போர்டிங் பாஸை ஸ்கேன் செய்யும் பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லையே, அதை மணியடித்தது என்று சொல்லலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்குக் கேட்டது. அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கேட்டின் மேற்பார்வையாளர் அவர். கடிகாரம் என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அவருடைய கேட்டிலிருந்து அவருடைய தவறால் ஒரு விமானம்கூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை. பயணிகள் வரிசை கொஞ்சம் தேங்கினாலே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி குதிப்பார். "மழைக்குக்கூட மூணு நிமிஷம்தான் டைம் குடுப்பாரு" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

தகராறு செய்யும் பயணியை ஏற்ற மாட்டேன் என்று சொல்ல விமானக் கம்பெனிக்கு உரிமை உண்டு. யாரும் மறுக்கவில்லை. மேலே போன பிறகு ஒருவன் ஆடினால் இறக்கிவிட நடுவானத்தில் ஸ்டாப்பிங்கா இருக்கிறது? ஆனால் மாட்டேன் என்று சொன்னதோடு கை கழுவிவிட முடியாது. அந்தக் கம்பெனியில் அதற்கு ஒரு மஞ்சள் தாள் வைத்திருந்தார்கள். ஏன் ஏற்றவில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விமானத்துக்குள் போய்விட்ட பையை இறக்கி அவர் கையில் சேர்க்க வேண்டும். உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்து, சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அடுத்த விமானம் எப்போது, பணம் திரும்புமா திரும்பாதா என்று விளக்க வேண்டும். கடைசியாக, அவர் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்து வீட்டாரிடம் தெரிவிக்க வேண்டும். ஐந்துக்கும் ஐந்து கட்டம். செய்தாயிற்று என்றால் கட்டத்தில் ஒரு டிக்.

ஒழுங்காகச் செய்தால் இருபது நிமிடம் ஆகும். கடிகாரத்திடம் இருபது நிமிடத்துக்கு எங்கே போவது?

நாலு வருடத்துக்கு முன்னால், வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நிரப்பாத மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தார். பெயர் இல்லை, தேதி இல்லை. ஐந்து கட்டத்திலும் அழகாக ஐந்து டிக் போட்டார். அவருடைய டிக்குக்கு ஒரு தனி வால் உண்டு. மேலே ஏறி, கடைசியில் தூண்டில் முள் மாதிரி உள்ளே வளையும். அதைக் கொண்டுபோய் மஞ்சள் தாளில் இருநூறு பிரதி எடுத்து, ஓரத்தில் பசை தடவிக் கட்டாக்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து யாரையாவது நிறுத்தினால் பெயர், சீட் எண், போன் செய்த நேரம், கையெழுத்து, தீர்ந்தது. இரண்டு தாள் கிழிக்க வேண்டியது, ஒன்று பயணிக்கு, ஒன்று ஃபைலுக்கு. மற்றக் கேட்டுக்காரர்கள் வந்து, "அண்ணே, டிக் கட்டு ஒண்ணு குடுங்களேன்" என்று கடன் வாங்கிப் போனார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் குடித்துவிட்டு வந்தவர்கள். மறுநாள் தலைவலியோடு தாங்களே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்காரர் வந்தார்.

அறுபத்தைந்து வயதிருக்கும். பளபளவென்று துடைத்த ஷூ. தோளில் ஒரு நீலப் பை. விமானத்துக்குள் பை வைக்க இடம் போதாது என்று கேட்டிலேயே சிலருடைய பைகளை வாங்கிச் சீட்டுக் கட்டிக் கீழே அனுப்பினார்கள். அதில் அவருடையதும் போயிற்று. அப்போது மரியாதையாகத்தான் கொடுத்தார். "பத்திரம்மா" என்று ஸ்கேனர் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். அரை மணி கழித்து வரிசை நகரத் தொடங்கியபோது வேறு ஆளாக எழுந்து வந்தார்.

"பை. என் பை."

"பை உள்ள போயிடுச்சு சார். இறங்கினதும் வாங்கிக்கலாம்" என்றாள் அவள்.

"இப்ப குடு. இப்ப... ஏய், குடுடீ!"

நாக்கு குழறியது. கால் ஒரு பக்கம் இழுத்தது. அவள் கையிலிருந்த போர்டிங் பாஸ்களைத் தட்டிவிட்டார். ஸ்கேனர் இருந்த கம்பத்தைப் பிடித்து ஆட்டி அப்படியே சாய்த்தார். அது அவள் பாதத்தில் விழுந்தது, அவள் அலறினாள். வரிசையிலிருந்து ஒருவர், "மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு பாரு" என்றார். கடிகாரத்தின் காதில் விழுந்தது அந்த வாக்கியம்தான். மணி இரண்டு இருபத்திரண்டு. இரண்டு நாற்பதுக்கு விமானம் கிளம்ப வேண்டும்.

"இவரை ஏத்தாதீங்க. பையை இறக்கச் சொல்லுங்க" என்றார்.

கை பிடித்துத் தூணுக்குப் பின்னாலிருந்த நாற்காலி வரிசைக்கு அழைத்துப்போனார். அந்தக் கை ஈரமாக இருந்தது. ஏசி போட்ட ஹாலில் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. கடிகாரம் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. பார்த்தார், அந்த மனிதரின் சட்டைப் பையில் மஞ்சள் தாளை மடித்துச் செருகினார். அப்போது அவர் கடிகாரத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்கு... ஒரு போன்..."

"பண்ணியாச்சு சார், பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கடிகாரம் ஓடினார்.

தாளில் நேரத்தை அவரே தன் கையால் எழுதியிருந்தார். இரண்டு இருபத்தைந்து.

பையை மட்டும் மின்னலாக இறக்கினார்கள். ஆள் ஏறாத விமானத்தில் அவர் பை போகக் கூடாது, அதில் அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருப்பார்கள். இறக்கிய பை கீழ்த்தளச் சாமான் அறைக்குப் போயிற்று. ஆள் மேலே தூணுக்குப் பின்னால். விமானம் இரண்டு நாற்பதுக்கு, ஒரு வினாடி பிசகாமல் கிளம்பியது.

ஐந்தரைக்குத் துப்புரவு அக்காதான் வந்து சொன்னாள். "தூங்குறாருன்னு நெனச்சேன் சார். அவரைச் சுத்தி ரெண்டு தடவை துடைச்சேன். கால எடுத்துக்கோங்கன்னுகூடச் சொன்னேன்."

குடி இல்லை. ஒரு சொட்டு இல்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு, மத்தியானம் சாப்பிடாமல் வந்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் குழறும், தள்ளாடும், சாதுவான ஆள்கூடக் கெட்ட வார்த்தை பேசுவாராம். டாக்டர் இதைச் சொன்னபோது ஸ்கேனர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேனேஜர் மஞ்சள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அஞ்சு கட்டமும் பக்காவா இருக்குப்பா. நம்ம பக்கம் ஒருத்தன் விரல் நீட்ட முடியாது" என்று கடிகாரத்தின் முதுகில் தட்டினார்.

மறுநாள் போன் அடித்தது.

இரண்டு இருபத்தைந்து. எடுத்தால் யாரும் இல்லை. வெறும் டயல் டோன். எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்று காத்திருக்கும் அந்த ஒரே நீளச் சத்தம். "எந்தப் போன் சார்?" என்றாள் ஸ்கேனர் பெண், பயந்த முகத்தோடு. போன் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெளியில இருந்து கால் வரவே வராது சார். போகத்தான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். 

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு சிவப்பு மையில் டிக் போடுவாள். சரக், சரக், சரக். அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி அந்தப் பேனா நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, என் நோட்டை இப்படி முறைக்கிறீங்க?"

"நீ படிச்சுப் பாத்துத்தானே டிக் போடுற?"

"பின்ன? கண்ண மூடிக்கிட்டா போடுவாங்க?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க அந்த மனுஷன் வீட்டுக்குப் போன் பண்ணீங்களா, இல்லையா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்க."

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடும் சத்தம் கேட்டது. அவளும் மறுபடி கேட்கவில்லை.

நாற்பத்தோராவது நாள் காலையில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இறந்தவருடைய மகள் வந்திருக்கிறாளாம். அன்றைக்கு அப்பா போக இருந்தது அவளைப் பார்க்கத்தான். இரண்டு நாற்பது விமானத்தில்தான் அவளும் ஊர் திரும்புகிறாள், கேட்டுக்கு வருவாள்.

"ஒரே ஒரு கேள்விதான் கேக்குறா. போன் பண்ணீங்களான்னு. பண்ணினோம்னு சொல்லு. அவ்வளவுதான். இல்லேன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா உன் வேலை மட்டும் போகாது, கேஸ் வரும், ஜெயில் வரும், என் வேலையும் போகும். உனக்கு ரிடையர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு?"

"ஆமா சார்" என்றார் கடிகாரம். 

இரண்டு பத்துக்கு வரிசை நகரத் தொடங்கியது. மேனேஜர் தன் பங்குக்குத் தூண் ஓரமாக வந்து நின்றார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் அவள் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண், வாரிக்கூடக் கொள்ளாத தலை. தோளில் அதே நீலப் பை. கடிகாரத்துக்கு முகத்தைவிடப் பைதான் முதலில் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் போர்டிங் பாஸை நீட்டவில்லை. மடிப்பு மடிப்பாகக் கசங்கிய ஒரு மஞ்சள் தாளை நீட்டினாள்.

"இது எங்கப்பா சட்டைப் பையில இருந்துச்சு. வீட்டாருக்குத் தெரிவிக்கப்பட்டது, ரெண்டு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. எந்த நம்பருக்குப் பண்ணீங்க? யார் எடுத்தாங்க?"

"அது... டிக்கெட்டுல இருக்கிற நம்பர்."

"டிக்கெட்டுல இருக்கிறது எங்கம்மா நம்பர். அந்தப் போன் அன்னிக்கு மத்தியானம் பூரா என் தம்பி கையில இருந்துச்சு. அவனுக்கும் அப்பாவுக்கும் காலையில சண்டை. அதனால அவன் அப்பாவைக் கொண்டுவந்து விடலை. சாப்பிடக்கூடச் செய்யாம அப்பா பஸ் புடிச்சு வந்தாரு." அவள் மூச்சு வாங்கினாள். "போனே வரலை அக்கான்னு தம்பி சத்தியம் பண்றான். அம்மா இந்தத் தாளைக் காட்டி, நீதான்டா எடுத்தே, எடுத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம, கால் வந்ததையும் போன்ல அழிச்சிட்டே, அப்பனைக் கொன்னுட்டேங்கிறாங்க. அவன் வீட்டை விட்டுப் போயி முப்பது நாளாச்சு. எங்கே இருக்கான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் எதுவும் பண்ணிக்குவானோன்னு நான் தினமும் செத்துப் பொழைக்கிறேன். சொல்லுங்க சார். நீங்க பண்ணீங்களா? அவன் எடுத்தானா?"

மேனேஜர் தூண் ஓரத்திலிருந்து தலையை ஆட்டினார். சொல்லு என்று அர்த்தம்.

"பண்ணினோம்மா" என்றார் கடிகாரம். தன் குரலே யாரோ பேசுவது போல இருந்தது.

"எடுத்தது ஆம்பளையா, பொம்பளையா?"

கடிகாரம் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஆம்பளையா பொம்பளையான்னு கேக்குறேன்!" அவள் குரல் ஹால் முழுக்கத் தெறித்தது. மேசையை ஓங்கி அறைந்தாள். "அதுகூடத் தெரியாமலா போன் பண்ணீங்க? சொல்லாம நான் ஏற மாட்டேன். யாரையும் ஏற விட மாட்டேன்!" வரிசைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியது. ஒருவர், "என்னம்மா, எங்களுக்கு நேரமாகலையா?" என்றார்.

மேனேஜர் வேகமாக வந்தார். "போதும். இவங்களை ஏத்தாதே. ஃபார்ம் போடு."

ஸ்கேனர் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு வருடப் பழக்கம். ஃபார்ம் போடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாக டிராயரைத் திறந்தது, கட்டை எடுத்தது, மேசையில் வைத்தது. பேனாவைக்கூடப் பக்கத்தில் வைத்தாள்.

பெயர் இல்லை, தேதி இல்லை. ஐந்து டிக்கும் இருந்தன.

கடிகாரம் பேனாவை எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரை எழுத வேண்டும். சீட் எண். நேரம். கை மேசைக்கு மேலேயே நின்றது. அப்போது போன் அடித்தது.

மணி பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் பளபளவென்ற ஒரு ஷூ நுனி தெரிந்ததாகக் கடிகாரம் பின்னால் தன் மனைவியிடம் சொன்னார். இருக்கலாம். அன்றைக்கு அவர் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் நான் நம்புவேன்.

அவர் கட்டின் மேல் தாளைக் கிழித்தார். எழுதவில்லை. அப்படியே அவள் பக்கம் தள்ளினார்.

"பாருங்கம்மா" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த கசங்கிய தாளை அதன் மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்துத் தூக்கி, கண்ணாடிச் சுவர் வழியாக வந்த வெயிலில் பிடித்தாள். டிக்கின் மேல் டிக் உட்கார்ந்தது. தூண்டில் முள்ளின் மேல் தூண்டில் முள். ஐந்திலும் ஒரு மயிரிழை விலகவில்லை.

"இது நாலு வருஷத்துக்கு முன்னால போட்ட டிக்கும்மா. நான்தான் போட்டேன். உங்கப்பாவை யாரும் எதுவும் விசாரிக்கலை. டாக்டரைக் கூப்பிடலை. வீட்டுக்குப் போன் பண்ணுன்னு அவரே என் கையப் புடிச்சுக் கேட்டாரு. பண்ணியாச்சுன்னு பொய் சொன்னேன். போன் பண்ணலை. உங்க தம்பி எதையும் எடுக்கலை. எடுக்குறதுக்கு ஒண்ணும் வரலை."

"யோவ், உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மேனேஜர். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கட்டை எடுக்கக் கை நீட்டினார். ஸ்கேனர் பெண் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மகள் அழவில்லை. அறைவாள் என்று கடிகாரம் எதிர்பார்த்தார், அறைந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அவள் அறையவும் இல்லை. விரலால் போனைக் காட்டினாள்.

"நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. தம்பியக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுவாங்க. எந்தப் போன்ல இருந்து பண்ணினதா எழுதினீங்களோ, அதுலயே பண்ணுங்க."

கடிகாரம் ரிசீவரை எடுத்தார். டயல் டோன் காத்திருந்தது. சைபரை அழுத்தினார். அவள் எண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுத்தினார். வரிசை அசையாமல் நின்றது; ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, ஏர்போர்ட்ல இருந்து பேசுறேன்" என்று தொடங்கினார். அதற்குமேல் எப்படிச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பை, வியர்வை, தூண், தாள். உங்கள் பையன் மேல் குற்றமே இல்லை என்று மூன்று தடவை சொன்னார்.

மறுமுனையில் மூச்சு கேட்டது.  

"கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா" என்றாள் அந்த அம்மாள். கோபமே இல்லாத குரல், அதுதான் அவரைக் கொன்றது. "பையோட வெளி ஜிப்புல மிட்டாய் வச்சிருக்கேன், ரெண்டு எடுத்து வாயில போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அஞ்சு நிமிஷத்துல எழுந்து உக்காந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாரு. எப்பவும் கேப்பாரு."

கடிகாரம் நிமிர்ந்து மகளின் தோளிலிருந்த நீலப் பையைப் பார்த்தார். வெளி ஜிப் மூடியிருந்தது. உள்ளே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அவர் பார்வை போன இடத்தை மகளும் பார்த்தாள், கையை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா..." என்றார் அவர். 

"சரிப்பா, வச்சிடுறேன்" என்றாள் அந்த அம்மாள். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என் பையனுக்குப் போன் பண்ணணும்."

அன்றைக்கு அந்த விமானம் பத்தொன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.